உதவித்தொகை லேட்டாவுதா, நின்னே போச்சா? ஆபீஸ்ல கேக்கறதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க

வேலையில்லாதவங்களுக்கு கவர்மெண்ட் குடுக்கற பணம்னு சொன்னா கடலூர் பக்கம் ரெண்டு பணத்த ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. ஒண்ணு, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சு வருஷக்கணக்கா வேலை கெடைக்காதவங்களுக்கு தமிழ்நாடு அரசு 2006லேருந்து குடுக்கற உதவித்தொகை. இன்னொண்ணு, கம்பெனில வேலை பாத்து சம்பளத்துல ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீட்டுப் பணம்) பிடிச்சிட்டிருந்து வேலை போனவங்களுக்கு ஈஎஸ்ஐ குடுக்கறது. ரெண்டுக்கும் ஆபீஸ் வேற, ரூல் வேற, இதுக்கு அங்க போய் கேட்டா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

மொதல்ல உதவித்தொகைய பாப்போம். பத்தாவது ஃபெயிலுக்கு மாசம் 200, பாஸுக்கு 300, பன்னெண்டாவதுக்கு 400, டிகிரிக்கு 600. மூணு வருஷம் வரைக்கும் குடுப்பாங்க, டிகிரி முடிச்சவருக்கு மொத்தமா கூட்டினாலும் 21,600 ரூபாதான். இந்த காசுல என்ன ஆகும்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல, ஆனா எக்ஸாம் ஃபீஸுக்கும் பஸ் செலவுக்கும் வீட்டுல கை நீட்டாம இருக்கலாம், அந்த அளவுக்கு உதவும். மாற்றுத்திறனாளிகளுக்கு கொஞ்சம் பரவால்ல, பத்தாவது வரைக்கும் 600, பன்னெண்டாவது 750, டிகிரி 1000, அதுவும் பத்து வருஷம் வரைக்கும். அவங்க பதிஞ்சு ஒரு வருஷம் ஆனா போதும், வயசு வரம்பும் வருமான வரம்பும் கிடையாது.

மத்தவங்களுக்கு படிப்ப பதிஞ்சு அஞ்சு வருஷம் முடிஞ்சிருக்கணும். வயசு 40க்குள்ள, எஸ்சி எஸ்டின்னா 45. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள இருக்கணும், அதாவது மொத்த வீட்டுக்கும் மாசம் 6,000 ரூபா, கொத்தனார் வேலைக்கு போற அப்பா இருந்தாலே அத தாண்டிடும், இந்த வரம்ப எப்பவோ ஏத்தியிருக்கணும்னுதான் நான் சொல்லுவேன். இன்ஜினியரிங், மெடிக்கல், சட்டம், விவசாயம் மாதிரி தொழிற்படிப்பு முடிச்சவங்களுக்கு கிடையாது. ரெகுலர் காலேஜ்ல படிச்சிட்டிருக்கறவங்களுக்கும் கிடையாது, தபால்ல படிக்கறது ஓகே.

இங்க மாட்டிக்கறது நெறைய பேரு பதிவ ரினிவல் பண்ணாம விட்டவங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், அந்த மாசம் தவறினா கொஞ்ச நாள் சலுகை இருக்கு, அதையும் விட்டா சீனியாரிட்டி போச்சு, திரும்ப பதிஞ்சு அஞ்சு வருஷத்த மொதல்லேருந்து எண்ணணும். அரசு அப்பப்ப விட்டவங்களுக்கு சிறப்பு சலுகை அறிவிக்கும், அத நம்பி இருக்காதீங்க. இன்னொரு விஷயம், பன்னெண்டாவத பதிஞ்சு ஏழு வருஷம் ஆச்சுன்னு டிகிரி தொகை கேக்க முடியாது, டிகிரிய எப்ப பதிஞ்சீங்களோ அப்பலேருந்துதான் அந்த அஞ்சு வருஷம்.

சரி, மனு குடுத்தாச்சு, பணம் ஏன் வரல?

இது மாசாமாசம் வர்ற பணம் இல்ல. மாசக்கணக்குல சொல்றாங்களே தவிர மாற்றுத்திறனாளிகள் தவிர மத்தவங்களுக்கு காலாண்டுக்கு ஒரு தடவதான் அக்கவுண்ட்ல ஏறும். டிகிரிக்காரருக்கு மூணு மாசத்துக்கு சேத்து 1,800, பன்னெண்டாவதுக்கு 1,200. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசில அஞ்சு வருஷம் முடிஞ்சவங்க யாரோ அவங்கள கணக்குல எடுத்துதான் அடுத்த காலாண்டுக்கு மனு வாங்கறாங்க, கலெக்டர் பேர்ல பேப்பர்ல செய்திக்குறிப்பும் வரும். ஜூலை மொத வாரம் மனு குடுத்துட்டு ஆகஸ்ட்ல பாஸ்புக் என்ட்ரி போட்டு பாத்து டென்ஷன் ஆகறதுல அர்த்தமே இல்ல. ஆனா காலாண்டு முடிஞ்சு அடுத்த மாசமும் போயிருச்சு இன்னும் வரலன்னா அப்ப கண்டிப்பா கேக்கணும்.

கேக்க போறதுக்கு முன்னாடி பேங்க் விஷயத்த பாத்துடுங்க, பாதி கேஸ் இங்கதான் முடியும். மனுவுல எழுதின ஐஎஃப்எஸ்சி கோடு, அதாவது உங்க பேங்க் கிளையோட கோடு, இப்பவும் அதேதானா? 2020 ஏப்ரல்ல சிண்டிகேட் கனராவோட சேந்தது, அலகாபாத் இந்தியன் பேங்க்கோட சேந்தது, ஆந்திரா பேங்க் யூனியன் பேங்க்கோட சேந்தது, பழைய பாஸ்புக் ஜெராக்ஸ பீரோவுலேருந்து எடுத்து அப்படியே வெச்சு குடுத்தவங்களுக்கு பணம் திரும்பி போகும். ரெண்டு வருஷமா நீங்க போடவும் இல்ல எடுக்கவும் இல்லன்னா அக்கவுண்ட் முடங்கிடும், அப்ப கேஒய்சி பேப்பர் (அடையாளம், முகவரி காட்டறது) குடுத்து அத திரும்ப ஓட வெக்கணும். அப்புறம் இனிஷியல். ஆதார்ல பேருக்கு பின்னாடி இனிஷியல், பாஸ்புக்ல முன்னாடி, மார்க்‌ஷீட்ல அப்பா பேரு முழுசா. நம்ம ஊர்ல இது எல்லார் வீட்டுலயும் இருக்கற கதை, மனு குடுக்கறதுக்கு முன்னாடியே பாஸ்புக்கையும் ஆதாரையும் ஒரே மாதிரி ஆக்கிடுங்க, அப்புறம் ஓடறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொரு லேட்டு ஆர்.ஐ. கையெழுத்து. மனு ஃபாரத்துல வருவாய் ஆய்வாளர் வருமானத்த பாத்து கையெழுத்து போட்டு சீல் வெக்கணும். புயல் வெள்ளம்னு வந்துட்டா கடலூர்ல அவங்க ஆபீஸ்ல இருக்கவே மாட்டாங்க, கணக்கெடுக்க போயிடுவாங்க, அதனால அக்டோபர் நவம்பருக்கு தள்ளாம முன்னாடியே வாங்கி வெச்சிடுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஒரு வருஷம் ஒழுங்கா வந்துட்டு திடீர்னு நின்னுச்சுன்னா அத லேட்டுன்னு நெனச்சு உக்காந்திருக்காதீங்க, முக்காவாசி அது சுய உறுதிமொழி ஆவணம் குடுக்காததாலதான் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவ, எனக்கு இன்னும் வேலை கெடைக்கல, அரசு வேலைலயும் இல்ல தனியார்லயும் இல்ல, சொந்தத் தொழிலும் பண்ணல, ரெகுலரா படிக்கவும் இல்லன்னு எழுதி கையெழுத்து போட்டு ஆபீஸ்ல குடுக்கணும். வீட்டுக்கு லெட்டர் வரும்னு காத்திருக்காதீங்க, உங்களுக்கு மொத பணம் வந்த மாசத்த ஃபோன் காலண்டர்ல போட்டு வெச்சு வருஷம் முடியற நேரத்துக்கு நீங்களே போங்க. போகும்போது பாஸ்புக் ஜெராக்ஸும் பதிவு அட்டையும் எடுத்துக்கோங்க, குடுத்ததுக்கு உங்க காப்பில தேதியோட சீல் வாங்கிக்கோங்க. அந்த சீல் இருந்தா அப்புறம் பேசற பேச்சே வேற.

நடுவுல வேலை கெடைச்சா சொல்லணுமான்னு நெறைய பேர் கேக்கறாங்க. சொல்லணும். ஒரு பேப்பர்ல எந்த தேதிலேருந்து வேலைல சேந்தீங்கன்னு எழுதி குடுத்துட்டு வந்துடுங்க. 600 ரூபாவுக்காக பொய் உறுதிமொழில கையெழுத்து போட்டு வெச்சா பின்னாடி அரசு வேலைக்கு சர்டிஃபிகேட் சரிபார்ப்புன்னு வரும்போது அது எங்க இடிக்கும்னு சொல்ல முடியாது. உதவித்தொகை வாங்கினா பதிவு கேன்சல் ஆயிடும்னு ஒரு பயம் இருக்கு, அது தப்பு, பதிவும் சீனியாரிட்டியும் அப்படியே இருக்கும்.

நம்ம பார்டர் ஊர்க்காரங்களுக்கு ஒரு தனி தலைவலி. கடலூர் பக்கம் ரெட்டிச்சாவடில வீடு, காலேஜ் பாண்டில. வீட்டுலேருந்து காலேஜ் பஸ்ல அரை மணி நேரம்தான், ஆனா ரூல்ல அது தமிழ்நாட்டுக்கு வெளிய. படிப்ப தமிழ்நாட்டுல முடிச்சிருக்கணும், இல்லன்னா குடும்பம் 15 வருஷமா தமிழ்நாட்டுல இருக்கறத காட்டணும். அதனால பாண்டி டிகிரி வெச்சிருக்கறவங்க பழைய ரேஷன் கார்டு, அப்பாவோட வோட்டர் ஐடி, வீட்டு வரி ரசீதுன்னு இருக்கறதெல்லாம் மொத நாளே எடுத்துட்டு போங்க. அதே மாதிரி பாண்டி பக்கம் கன்னியகோவில், பாகூர்ல குடியிருக்கறவங்க இந்த 600 ரூபாவுக்கு கடலூர் ஆபீஸ்க்கு வந்து பிரயோஜனம் இல்ல, இது தமிழ்நாடு அரசோட பணம்.

ஈஎஸ்ஐ அப்படி இல்ல, அது சென்ட்ரல், கடலூர் சிப்காட்டோ பாண்டி சேதராப்பட்டோ ஒரே ரூல்தான். அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனான்னு வாய்ல நொழையாத பேரு, 2018 ஜூலைல ஆரம்பிச்சாங்க. முன்னாடி சராசரி சம்பளத்துல 25 சதவீதம் 90 நாள் கழிச்சு குடுத்தாங்க, கொரோனா வந்ததும் 2020 மார்ச் 24லேருந்து 50 சதவீதம், வேலை போய் 30 நாள் கழிச்சே கேக்கலாம்னு மாத்தினாங்க. இந்த சலுகைய கெடு வெச்சு வெச்சு நீட்டிக்கறாங்க, அதனால கிளெய்ம் போடற அன்னிக்கு என்ன கெடுன்னு ஈஎஸ்ஐ சைட்ல ஒரு தடவ பாத்துடுங்க. மாசம் 15,000 வாங்கினவருக்கு ரெண்டு வருஷ சம்பளத்த 730 நாளால வகுத்து அதுல பாதின்னா ஒரு நாளைக்கு சுமார் 247 ரூபா, 90 நாளைக்கு ஏறக்குறைய 22,000. இந்த 90 நாள் வாழ்நாளுக்கே ஒரு தடவதான்.

ரெண்டு வருஷம் ஈஎஸ்ஐல இருந்திருக்கணும், வேலை போறதுக்கு முந்தின ஆறு மாச கணக்குல 78 நாளாவது பணம் கட்டியிருக்கணும், அதுக்கு முந்தின மூணு கணக்குல ஏதாவது ஒண்ணுலயும் 78 நாள் வேணும். ஆறு மாச கணக்குன்னா ஏப்ரல்லேருந்து செப்டம்பர், அக்டோபர்லேருந்து மார்ச். கான்ட்ராக்ட்ல வேலை பாத்தவங்க இங்கதான் அடிபடறாங்க, முழு மாசம் வேலை வாங்கிட்டு கான்ட்ராக்டர் பத்து நாளுக்குத்தான் ஈஎஸ்ஐ கட்டியிருப்பாரு. வேலைல இருக்கும்போதே ஈஎஸ்ஐ சைட்ல உங்க நம்பர போட்டு எத்தன நாள் காட்டுதுன்னு பாத்துக்கோங்க, வேலை போனப்புறம் மேஸ்திரிய தேடி பிடிக்க முடியாது. தானா வேலைய விட்டவங்க, ரிட்டயர் ஆனவங்க, ஒழுங்கு நடவடிக்கைல தூக்கினவங்களுக்கு கிடையாது. அதனால கம்பெனில ரிசைன் லெட்டர் எழுதிக்குடுன்னு கேட்டா யோசிச்சு எழுதுங்க.

கிளெய்ம் ஆன்லைன்ல போட்டு, பிரின்ட், ஆதார், பாஸ்புக் காப்பிய கிளை ஆபீஸ்ல குடுக்கணும், பழைய முதலாளி வழியா போகணும்னு கட்டாயம் இல்ல. இனிமே வரப்போற நாளுக்கு முன்கூட்டியே கேக்க முடியாது, வேலை இல்லாம கழிஞ்ச நாளுக்குத்தான். எல்லாம் சரியா இருந்தா 15 நாள்ல பணம் போடணும்னு அவங்க ரூலே சொல்லுது. 90 நாளுக்குள்ள வேற வேலை கெடைச்சா சேர்ற நாள் வரைக்கும்தான் பணம், புது கம்பெனி உங்க பேர்ல ஈஎஸ்ஐ கட்டின உடனே சிஸ்டத்துல தெரிஞ்சிடும், மறைக்க முடியாது.

ரெண்டுலயும் இழுத்தடிச்சா வாயால கேட்டுட்டு வராதீங்க, எழுதி குடுத்து சீல் வாங்குங்க. உதவித்தொகைக்கு 1100க்கு ஃபோன் பண்ணி புகார் நம்பர் வாங்கலாம், இல்ல திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள்ல மனு குடுக்கலாம். ஈஎஸ்ஐக்கு சென்ட்ரல் புகார் சைட்ல போடுங்க. அப்பவும் பதில் இல்லன்னா ஆர்டிஐல (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) என் மனு எந்த தேதில யார் மேஜைக்கு போச்சு, இப்ப எங்க இருக்குன்னு மட்டும் கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும், பத்து ரூபா ஃபீஸ்.