மூன்று கோடை கேஸ் ஏற்றினேன், நாலாவதில் கம்ப்ரசர் போனது

சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. மே மாத மதியம். கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, சோறு வடிக்கும்போது முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி ஒரு காற்று என் கார் ஏசியிலிருந்து வந்தது. வண்டி ஓடினால் கொஞ்சம் குளிர்ச்சி, நின்றால் அனல். கூடவே பானட்டுக்குள் அம்மியில் மணலை வைத்து அரைப்பது போன்ற சத்தம். ஏசியை அணைத்தேன், சத்தம் நின்றது. மறுபடி போட்டேன், வந்துவிட்டது.

இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். ஏசி அணைந்திருக்கும்போதும் சத்தம் வந்தால் அது பெரும்பாலும், ஏசியின் கேஸை அமுக்கும் கம்ப்ரசரில் மாட்டியிருக்கும் புல்லியின் பேரிங். எஞ்சின் ஓடும்வரை பெல்ட் அந்தப் புல்லியைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கம்ப்ரசரின் தண்டு மட்டும் சும்மா நிற்கும். பொத்தானை அழுத்தியதும் 12 வோல்ட் காயில் ஒன்று காந்தமாகி, முன்னால் இருக்கும் கிளட்ச் பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். நமக்குக் கேட்கும் ‘டக்’ அதுதான். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர். பிளேட் தேயத் தேய இடைவெளி கூடும். காயில் சூடானால் அதில் ஓடும் மின்சாரம் குறைந்து, இழுக்கும் பலமும் குறையும். சில வண்டிகளில் மதியம் படுத்துவிடும் ஏசி சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்வதற்கு இது ஒரு காரணம். அதற்கெல்லாம் முழுக் கம்ப்ரசரையும் மாற்றச் சொன்னால், சரி என்று தலையாட்டாமல் ஏன் என்று கேளுங்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வியாசர்பாடியில் ஒரு ஏசி ஷெட். மெக்கானிக் நீலம், சிவப்பு என்று அழுத்தம் காட்டும் இரண்டு கேஜ்களை மாட்டினார். நீலம் கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் பக்கம், சிவப்பு அமுங்கி வெளியே வரும் பக்கம். எஞ்சின் ஓடாதபோது இரண்டு முள்ளும் 110 பிஎஸ்ஐ பக்கத்தில் ஒன்றாக நின்றன. எஞ்சினைப் போட்டு ஏசியைத் தட்டினால் நீலம் 35-க்கு இறங்க வேண்டும், சிவப்பு 200-ஐத் தாண்டி ஏற வேண்டும். என் வண்டியில் நீலம் 75, சிவப்பு 130.

“அமுக்கவே இல்ல சார். சும்மா சுத்துது, அவ்ளோதான்” என்றார். அப்புறம் ஒரு கேள்வி: “கேஸு எத்தினி வாட்டி ஏத்துனீங்க?”

மூன்று வாட்டி. வருஷத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் பிறந்தால் வேறொரு கடையில். அவர்களும் ஏற்றிக் காசு வாங்கினார்கள், நானும் ஜில்லென்று வீட்டுக்கு வந்தேன். அந்தக் கேஸ் எங்கே போகிறது என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில், கம்ப்ரசர் எதற்கு இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. சிக்கல் என்னவென்றால், வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும். உள்ளே 25 டிகிரி, வெளியே 38 டிகிரி. மேட்டில் தண்ணீர் ஏற்றுகிற வேலை இது.

இதற்கான தந்திரம் ஆவியாதலில் இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படி. பல கார்களில் இருக்கும் ஆர்134ஏ என்ற திரவம் (கடைகளில் ‘கேஸ்’ என்பது இதைத்தான்) சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும், குக்கரில் நடப்பதுபோல. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அழுத்தம் 30 பிஎஸ்ஐ என்றால் அது சுமார் 2 டிகிரியில் கொதிக்கும். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை நம் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஆவியான அந்தக் கேஸைக் கம்ப்ரசர் இழுத்து 200 பிஎஸ்ஐக்கு அமுக்குகிறது. இப்போது அது திரவமாக மாறும் வெப்பநிலை 54 டிகிரி. 38 டிகிரிக் காற்று இதற்குக் குளிர்ந்த காற்று! ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் கேஸ் தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் பீய்ச்சினால் அழுத்தம் விழும், திரும்பவும் குளிர்ச்சி. காசிமேட்டு ஐஸ் கம்பெனிகளில் மீன்பிடிப் படகுகளுக்குக் கட்டி கட்டியாக ஐஸ் உறைவதும் இதே சுற்றில்தான். அந்த மாதிரி ஆலைகளில் பெரும்பாலும் அம்மோனியா ஓடும், அவ்வளவுதான் வேறுபாடு.

வண்டி நிற்கும்போது கண்டென்சர் மீது காற்று மோதாது, ஃபேன் ஒன்றுதான் துணை. எஞ்சினும் மெதுவாகச் சுற்றும். அதனால்தான் நோஞ்சான் கம்ப்ரசரின் வண்டவாளம் ரயில்வே கேட்டிலும் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னாலும் வெளிப்படுகிறது.

பழைய கம்ப்ரசரைக் கழற்றும்முன் மெக்கானிக் மிச்சமிருந்த கேஸை மெஷின் வழியாகச் சிலிண்டருக்கு இழுத்தார். நிறைய இடங்களில் வால்வைத் திறந்து ‘புஸ்’ என்று விட்டுவிடுவார்கள். பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்134ஏ, ஏறக்குறைய 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ‘கொஞ்சூண்டு கேஸ்தானே’ என்று சொல்ல முடியாது.

அப்புறம் கம்ப்ரசரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு டீ கிளாஸில் எண்ணெயை வடித்தார். புது எண்ணெய் தெளிவாக இருக்கும். இது பெருச்சாளி நிறத்தில், கிளாஸின் அடியில்கூட இரண்டு விரல் வரவில்லை. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தேய்த்து வெயிலில் காட்டினார். மினுமினுவென்று அலுமினியப் பொடி.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி உண்டு. கார் ஏசியின் கம்ப்ரசருக்கு அப்படி ஒரு தொட்டி பெரும்பாலும் கிடையாது. அதன் எண்ணெய் கேஸோடு கலந்து சுற்று முழுக்கப் பயணம் செய்து திரும்ப வர வேண்டும். உள்ளே தண்டின்மேல் சாய்வாக மாட்டிய தட்டு ஒன்று சுற்றுகிறது. கோணல் சக்கரம் சுற்றும்போது அதன் விளிம்பு ஆடுவதுபோல, இந்தத் தட்டின் விளிம்பு முன்னும் பின்னும் போய்வரும். அதுதான் பிஸ்டன்களைத் தள்ளி இழுக்கிறது. தட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உலோகம் உலோகத்தின்மேல் வழுக்குகிறது, இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும். கசிவில் கேஸ் போனால் கூடவே எண்ணெயும் போகும். மிச்ச எண்ணெயையும் சுற்றித் தள்ளிக்கொண்டு வரக் கேஸ் பத்தாது. போதாக்குறைக்கு, திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் கம்ப்ரசரையே குளிர்விக்கிறது. மூன்று கோடையும் நான் கேஸை மட்டும் ஏற்றினேன். கம்ப்ரசர் பட்டினி கிடந்து தன்னையே அரைத்துக்கொண்டது.

கசிவு கண்டென்சரில். வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். வண்டி நிற்பது தெருவில். ராத்திரி முழுக்க உப்புக்காற்று கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் படியும், ஈரம் சேர்ந்தால் அரிக்கும். கண்டென்சரின் கீழ்மூலையில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டி ஒரு கறுப்புத் திட்டு. மூன்று வருஷமாக நான் அதை ரோட்டு அழுக்கு என்று நினைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

புதுப்பேட்டையில் பழைய கம்ப்ரசர் பாதி விலைக்குக் கிடைக்குமே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “போடலாம் சார். அதுக்குள்ள இருக்கிற எண்ணெய் எந்த லட்சணத்துல இருக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.” புதிதே வாங்கினேன்.

கண்டென்சரையும் ட்ரையரையும் சேர்த்தே மாற்றினோம். ஓட்டை இல்லாவிட்டாலும் மாற்றியிருக்க வேண்டும். இன்றைய கண்டென்சர் குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டர் அளவில் பல நுண்வழிகள் இருக்கும். அங்கே சிக்கிய உலோகப் பொடியை எந்தத் திரவம் விட்டும் முழுசாகக் கழுவ முடியாது. அந்தப் பொடி புதுக் கம்ப்ரசருக்குப் போனால் சில மாதத்தில் பழைய கதை. எக்ஸ்பேன்ஷன் வால்வும் புதிது. கூலிங் காயிலையும் குழாய்களையும் கழுவி, நைட்ரஜனால் ஊதினார்.

ட்ரையரின் வேலை ஈரத்தைப் பிடிப்பது. புதுச் செருப்புப் பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, அதன் உறவுக்காரர். கம்ப்ரசர் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் புதுக் கம்ப்ரசரின் மூடியைக் கடைசி நிமிஷத்தில்தான் திறந்தார். எண்ணெய் அளவையும் கம்பெனி அட்டவணைப்படி சரிபார்த்தார். கூடிப்போனாலும் ஆபத்து, கூலிங் காயிலின் உட்சுவரில் படிந்து குளிர்ச்சியைக் கெடுக்கும். தண்டைக் கையால் பத்து சுற்று சுற்றினார். சிலிண்டருக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால், எடுத்த எடுப்பில் ஓட்டும்போது தகடு போன்ற வால்வுகள் உடைந்துவிடும். கேஸை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாதல்லவா?

நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்த பிறகு வேக்கம் பம்ப் முக்கால் மணி நேரம் ஓடியது. நான் டீ குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. காற்றை எடுப்பதோடு ஈரத்தை விரட்டவும் இந்த நேரம் வேண்டும். அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 30-க்குக் கீழே இறங்கினால், 30 டிகிரி தண்ணீரே கொதித்து ஆவியாகி வெளியேறும். அவசரப்பட்டு ஐந்து நிமிஷத்தில் நிறுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கி, எக்ஸ்பேன்ஷன் துளையில் பனியாக அடைத்துக்கொள்ளும். சூட்டில் எண்ணெயோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமும் ஆகும்.

கேஸைத் தராசில் வைத்துத்தான் ஏற்றினார். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 420 கிராம் என்று போட்டிருந்தது, 420 கிராம். முள்ளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவது பழைய பழக்கம். சின்ன வண்டியில் ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும்.

நீலம் 36, சிவப்பு 220. நின்ற வண்டியிலேயே காற்று 9 டிகிரி.

போன வாரம் அதே கேட்டில் நின்றிருந்தபோது பக்கத்து ஆட்டோக்காரர் கண்ணாடியைத் தட்டினார். “இன்னா சார், வண்டிக்கு அடியில தண்ணி ஒழுவுது பாருங்க.” கூலிங் காயில் குளிர்ந்தால் காற்றிலிருக்கும் ஈரம் அதில் முத்து முத்தாகச் சேர்ந்து, அடிக்குழாய் வழியாகத் தரையில் சொட்டும். “ஏசி தண்ணிதான் அண்ணே” என்றேன். கேட் திறக்கும்வரை இருவருமாக அந்த ஈரத்திட்டு அகலமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.