சிட்டி கவுன்சிலில் மைக் பிடிக்கப் போகிறீர்களா? முதலில் டைமரைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் நம் ஆட்களில் பலர், சிட்டி கவுன்சில் கூட்டம் என்றாலே அது சிட்டிசன்ஷிப் வாங்கியவர்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர், கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்பவர், பேரனைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருக்கும் தாத்தா, யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். சட்டம் சொல்வது பொதுமக்கள் என்று, வாக்காளர் என்று அல்ல.

அந்தச் சட்டத்துக்குப் பெயர் பிரவுன் சட்டம். 1952-ல் சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நிருபர் மைக்கேல் ஹாரிஸ், உள்ளாட்சி மன்றங்கள் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுப்பதைப் பற்றி ஒரு தொடர் எழுதினார். அந்தச் சூட்டிலேயே 1953-ல் இந்தச் சட்டம் வந்துவிட்டது. கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன், அதனால் அந்தப் பெயர்.

வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே அஜெண்டாவை ஒட்டிவிட வேண்டும். செவ்வாய் இரவு 7 மணிக்குக் கூட்டம் என்றால் சனிக்கிழமை இரவு 7 மணிக்குள் உங்கள் கண்ணில் பட வேண்டும். சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் போதும், ஆனால் அங்கே எதற்காகக் கூடினார்களோ அதைப் பற்றி மட்டும்தான் பேச முடியும்.

பேச்சு இரண்டு வகை. அஜெண்டாவில் இருக்கும் விஷயம் என்றால், கவுன்சில் அதை எடுக்கும் முன்போ எடுத்துப் பேசும்போதோ உங்களைக் கூப்பிட வேண்டும், ஓட்டுப் போட்டுவிட்டு அப்புறம் வாருங்கள் என்று சொல்ல முடியாது. அஜெண்டாவில் இல்லாத விஷயத்துக்குத் தனியாக ஒரு நேரம் உண்டு, அதைத்தான் பப்ளிக் கமென்ட் என்று எல்லோரும் சொல்வார்கள். நகரத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட எதையும் அப்போது பேசலாம். விசா தாமதத்தைப் பற்றிப் பேசினால் மேயர் நடுவில் நிறுத்துவார், அது அவர் கையில் இல்லாத சமாச்சாரம்.

இங்கேதான் முதல் தடவை போகிறவர்கள் மனம் நொந்து திரும்புவார்கள். தெருவிளக்கு எரியவில்லை, குறுக்கே ஓடும் பிள்ளைகள் அடிபடப் போகிறார்கள் என்று தொண்டை அடைக்கப் பேசிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கவுன்சிலர்கள் "நன்றி, அடுத்தவர்" என்று போய்க்கொண்டே இருப்பார்கள். திமிர் இல்லை அது. அஜெண்டாவில் இல்லாததை அவர்கள் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது என்று இதே சட்டம் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. சுருக்கமாகப் பதில் சொல்லலாம், ஒரு விளக்கம் கேட்கலாம், அதிகாரியிடம் தள்ளிவிடலாம், அடுத்த அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான். ஆகவே பேச்சை முடிக்கும்போது "இதை அஜெண்டாவில் சேருங்கள்" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் புலம்பிவிட்டு வந்தால் அது காற்றோடு போகும்.

சரி, எத்தனை நிமிடம்? சட்டத்தில் கணக்கு இல்லை. நியாயமான வரம்பை ஊரே வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் மூன்று நிமிடம் தருவார்கள், கூட்டம் அதிகமானால் இரண்டு, சில நாள் ஒன்று. நான் முதல் தடவை போனபோது இரண்டு பக்கம் எழுதி வீட்டில் கடிகாரம் வைத்து ஒத்திகையெல்லாம் பார்த்துவிட்டுப் போனேன், பார்த்தால் ஒரு பூங்கா பிரச்சினைக்காக அரங்கு நிரம்பி வாசல் வரை ஆள், ஆளுக்கு ஒரு நிமிடம் என்று மேயர் அறிவித்துவிட்டார். மேடையருகே பச்சை விளக்கு எரிந்தது, என் பெயரையும் தெருவையும் நன்றியையும் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள், சிவப்பு வரும்போது நான் முதல் பக்கத்தின் பாதியில். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: கேட்க வந்ததை முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுவது, காரணத்தை அப்புறம் சொல்வது. மீதியைத் தாளில் எழுதி, கூட்டப் பதிவுகளைக் கவனிக்கும் நகர அதிகாரியான கிளார்க்கிடம் கொடுத்துவிடலாம்.

கன்சென்ட் காலண்டர் என்று ஒரு பகுதி வரும், கண்ணை மூடாதீர்கள். சிறுசிறு ஒப்பந்தங்கள், செலவுகள் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி ஒரே ஓட்டில் முடித்துவிடுவார்கள், உங்கள் தெருச் சாலை வேலையும் அதற்குள் இருக்கலாம். அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்த ஓட்டுக்கு முன்பே, பேச விரும்புவதாகச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சும்மா வந்து உட்காருவதற்குப் பெயர் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இடைஞ்சல் இல்லாமல் போனில் வீடியோ எடுக்கலாம்.

கவுன்சிலைத் திட்டலாமா? நகரத்தின் கொள்கையையும் வேலையையும் மன்றத்தின் செயலையும் விமர்சிப்பதைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. மேயர் முகம் சுளிக்கிறார் என்பதற்காக யாரையும் வெளியேற்ற முடியாது. கூட்டம் நிஜமாகவே தடைபட்டிருக்க வேண்டும் என்று சாண்டா குரூஸ் நகர வழக்கு ஒன்றில் 2010-ல் கலிஃபோர்னியாவும் அடங்கிய ஒன்பதாவது வட்டத்தின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2023 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது: முதலில் எச்சரிக்க வேண்டும், உடனே அடங்காவிட்டால்தான் வெளியே அனுப்பலாம். மிரட்டலோ அடிதடியோ என்றால் எச்சரிக்கை தேவையில்லை. நேரம் முடிந்த பிறகும் மைக்கை விடாமல் கத்துவது விமர்சனத்தில் சேராது, இதைச் சிலருக்குச் சொன்னால் கோபம் வருகிறது.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும், பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி அரங்கில் இருந்தால் மட்டும் இந்தச் சலுகை இல்லை. மூன்று நிமிடம் என்றால் உங்கள் அம்மாவுக்கு ஆறு. அவர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல, பக்கத்தில் நின்று நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லலாம். சீட்டு கொடுக்கும்போதே கிளார்க்கிடம் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் டைமர் மூன்றிலேயே ஓட ஆரம்பித்துவிடும்.