சார்க்காஸத்துக்குள் சதை எப்படி வந்தது?

குத்தல் பேச்சைக் குறிக்கும் ‘சார்க்காஸம்’ ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியாக வந்த சொல் அது. வேர் ‘சார்க்ஸ்’, அதாவது சதை. சார்க்கோமா என்ற புற்றுநோயின் பெயரிலும் இதே வேர்தான் இருக்கிறது.

சார்க்ஸிலிருந்து வந்த வினை ‘சார்க்காஸெய்ன்’: நாய்போலச் சதையைப் பிய்த்தல். கி.மு. 421-இல் ஏதென்ஸில் அரங்கேறிய, கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் ‘அமைதி’ நாடகத்தில், பசியில் வாடிய மெகாரா ஊரார் நாய்க்குட்டிகளைப்போல இதைச் செய்துகொண்டே கயிறு இழுக்கிறார்கள்.

பிய்ப்பதிலிருந்து பேச்சுக்கு இச்சொல் ஒரே தாவலில் வந்துவிடவில்லை. நடுவில் முகம் இருக்கிறது. விலங்குகள் உதட்டை இறுக்கிப் புல்லைக் கடித்து மேய்வதற்கும், ஆத்திரத்தில் உதட்டைக் கடிப்பதற்கும் கிரேக்கர்கள் இதே வினையை ஆண்டார்கள். உதட்டைச் சுழித்து ஏளனம் செய்வது அதற்கு அடுத்த படி. நடுவிலுள்ள இந்தப் படிகளை விட்டுவிட்டு, ‘சொல்லால் சதையைக் கிழிப்பது’ என்று மட்டும் விளக்கினால் சொல்லின் வரலாற்றில் பாதி போய்விடும்.

ஜப்பானியச் சொல்லைப் பாருங்கள். ‘ஹினிகு’ என்றால் குத்தல் பேச்சு. ‘ஹி’ தோல், ‘நிகு’ சதை. இங்கும் சதை இருப்பதால் கிரேக்கத்தோடு முடிச்சுப் போடத் தோன்றும். அது தவறு. வந்த வழி வேறு. 1004-இல் சீனாவில் தொகுக்கப்பட்ட ஜென் பௌத்த வரலாற்று நூலில், தென்னிந்தியாவிலிருந்து சென்றவராக மரபு சொல்லும் போதிதருமர் நான்கு சீடர்களை எடைபோடுகிறார்: ஒருவருக்குக் கிடைத்தது என் தோல், மற்றவர்களுக்குச் சதை, எலும்பு, மஜ்ஜை. தோலும் சதையும் மேலோட்டமான புரிதலைக் குறித்தன. அதிலிருந்து குறைகூறல், பிறகு குத்தல் என்று பொருள் நகர்ந்ததாகவே விளக்கம் தருகிறார்கள். கடிக்கும் நாய்க்கு இதில் வேலையே இல்லை.

ஆகவே சொல்லின் பிறப்பைத் தேடுவோர் மூன்றைப் பார்க்க வேண்டும்: ஒலி முறையாகப் பொருந்துகிறதா, மிகப் பழைய சொல்லாட்சி எது, இடைப்பட்ட பொருளுக்குச் சான்று உண்டா. படிமம் ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஏளனத்தைக் குறிக்கும் சீனச் சொல் ‘ஃபெங்ச்சி’யின் இரண்டாம் எழுத்துக்கு முள், குத்து என்று பொருள், நம் ‘குத்தல்’ அதற்கு உறவில்லை. வலியைப் பேச்சுக்கு ஏற்றிச் சொல்வது எந்த மொழிக்காரருக்கும் தோன்றக்கூடியதே.

தொல்காப்பியச் செய்யுளியல் வலியைப் பார்க்காமல் சொல்லும் முறையைப் பார்த்து அங்கதத்தை, அதாவது வசையை, இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். “ஆகா, என்ன சுறுசுறுப்பு!” என்று சோம்பேறியிடம் சொல்வது இந்த இரண்டாவதற்குத்தான் நெருக்கம்.