அது யார் பேச்சைக் கேட்கிறது?

மதுரையில் ஒரு மாடி வீடு. வரவேற்பறை ஷோகேஸில், மகளின் திருமணப் படத்துக்கும் வெங்கடாசலபதி படத்துக்கும் நடுவே உருண்டையாக ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர், அதாவது வாயால் சொன்னால் கேட்டுச் செய்யும் கருவி, இருந்தது. அதன் பிளக் பிடுங்கிக் கிடந்தது. வாங்கி எட்டு மாதம் ஆகிறதாம். "ஏன் அய்யா, இதைப் பயன்படுத்துவதில்லையா?" என்று கேட்டேன். பக்கவாதத்தால் வலது கை செயலிழந்து, பேச்சும் சற்றுக் குழறும் அந்தப் பெரியவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னார்: "நான் சொல்வதை அது கேட்பதில்லை அம்மா. நான் பேசுவதை மட்டும் என் மகன் கேட்கிறான்."

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதம், பார்கின்சன், மூட்டுவாதம் போன்றவற்றால் முடங்கியவர்கள் குளிக்கவும், சட்டை மாட்டவும், கரண்டி பிடிக்கவும் மறுபடி பழக உதவுவது என் வேலை. பாதி நாள் மருத்துவமனையிலும் மீதி நாள் நோயாளிகளின் வீடுகளிலும் கழிகிறது. கடந்த சில ஆண்டுகளாக நான் போகும் வீடுகளில் இந்தக் கருவியை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். அன்பினால்தான் வாங்குகிறார்கள். ஆனால் அதோடு வாழப்போகிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அந்தப் பெரியவர் வீட்டில் நடந்தது இதுதான். அமெரிக்காவின் டல்லாஸிலிருந்து விடுமுறையில் வந்த மகன் ஸ்பீக்கரை வாங்கி, தன் கைபேசியிலேயே, தன் கணக்கிலேயே அமைத்துவிட்டுப் போய்விட்டார். சில ஸ்பீக்கர்களில், மறுமுனையில் யாரும் எடுக்காமலே அழைப்பு இணைந்துவிடும் வசதி உண்டு. இணையும்போது ஒரு சிறு மணியோசை வரும். காது மந்தமானவருக்கு அது எங்கே கேட்கப்போகிறது? ஒரு மாலை, பெரியவரும் அவருடைய தங்கையும் ஊரில் உள்ள பூர்விக இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஷோகேஸிலிருந்து மகனின் குரல் வந்திருக்கிறது: "அப்பா, அந்த இடத்தை என்ன செய்யப்போகிறீர்கள்?" மகன் உளவு பார்க்க வரவில்லை; நலம் விசாரிக்கத்தான் வந்தார். ஆனாலும் தங்கை எழுந்து போய்விட்டார். பெரியவர் தடியை ஊன்றிப் போய் இடது கையால் பிளக்கைப் பிடுங்கினார்.

இப்படியெல்லாம் பார்த்த பிறகும் இந்தக் கருவியை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. வயதானவர்கள் கீழே விழுவதில் பெரும்பகுதியை நான் கேள்விப்படுவது இரவு நேரத்துக் கதைகளாகத்தான். சிறுநீர் கழிக்க எழுந்து, சுவிட்சைத் தேடி இருட்டில் நான்கு அடி நடந்து, பாயிலோ மிதியடியிலோ கால் சிக்கி விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு என் வேலை மாதக்கணக்கில் நீளும். படுத்தபடியே சொன்னால் விளக்கு எரியும் என்றால் அந்த நான்கு அடி மிச்சமாகிறது. இன்னொரு வீட்டில், கண் அழுத்த நோயால் (குளுக்கோமா) பார்வை இழந்த அம்மா ஒருவர் மணி என்ன என்று பிறரைக் கேட்கக் கூசி, நாள் முழுவதும் நேரம் தெரியாமல் இருந்தவர். இப்போது ஒரு நாளைக்கு இருபது முறை மணி கேட்கிறார். இருபதாவது முறையும் அலுப்பில்லாத பதில் வருகிறது. அது அவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ அவரிடம் உங்கள் கைபேசியின் குரல் உதவியைக் கொடுத்து, மூன்று நாள் பேசச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும், பல்செட் மாட்டுவதற்கு முன், ஒரு முறை பேசட்டும். மாலைச் சோர்வில் ஒரு முறை. பத்து முறை சொன்னதில் எத்தனை முறை புரிந்துகொண்டது என்று தாளில் குறித்துவையுங்கள். பக்கவாதத்தில் பேச்சு குழறும். பார்கின்சன் நோயில் குரல் மெலிந்து மெலிந்து முணுமுணுப்பாகிவிடும், ஆனால் தாம் சத்தமாகப் பேசுவதாகவே அவர்களுக்குத் தோன்றும். பத்துக்கு ஏழுக்கும் குறைவான முறையே புரிந்துகொண்டது என்றால் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன். இந்த ஏழு என்பது நானாக வைத்துக்கொண்ட கணக்கு. மூன்று முறை கத்தியும் கேட்காத கருவி நோயாளிக்குச் சொல்லும் செய்தி, 'உன் பேச்சு இனி யாருக்கும் புரியாது' என்பதுதான். சிரமப்பட்டுப் பேச்சுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

அடுத்தது மொழி. அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் இந்தியாவுக்கு 2017-இல் வந்தது, கூகுள் ஹோம் 2018-இல். இங்கே இந்த ஸ்பீக்கர்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் பேசுகின்றன. கைபேசியில் தமிழ் கேட்கும் கூகுள் உதவியாளர்கூட ஸ்பீக்கரில் அந்த அளவுக்கு வரவில்லை. அதனால் மேலே சொன்ன சோதனையில் கைபேசியின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுச் சோதியுங்கள். ஆங்கிலம் படிக்காத ஆச்சிகளுக்கு இது ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லைட், ஃபேன், டிவி, ஆன், ஆஃப், டைம் எல்லாம் அவர்கள் வாயில் தினமும் புழங்கும் சொற்கள். இரண்டே சொல்லில் முடியும் கட்டளைகளை நீங்களே அமைத்துக்கொடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் வைக்கும் பெயர் இன்னொன்றைப்போல் ஒலிக்காமல் இருக்கட்டும். 'பெட் லைட்', 'ரெட் லைட்' என்று இரண்டு பெயர் வைத்த வீட்டில் பாட்டி இரண்டையும் வெறுத்துவிட்டார். கட்டளைகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவையுங்கள், நான்குக்கு மேல் வேண்டாம்.

திரை உள்ளதா, இல்லாததா என்று கேட்பார்கள். காது மந்தமானவருக்கும், சொல் மறந்து முகம் பார்த்துப் பேச வேண்டியவருக்கும் திரை நல்லது. கேமரா வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அமேசானின் திரையுள்ள எக்கோ ஷோ வகையில் பலவற்றில் கேமராவை மூடும் தள்ளுமூடி இருக்கிறது. கூகுளின் சிறிய நெஸ்ட் ஹப்பில் கேமராவே கிடையாது. படுக்கையறைக்கு என்றால் கேமரா இல்லாததையே நான் சொல்வேன்.

எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஷோகேஸில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். படுத்திருப்பவரின் குரல் அங்கே எட்டாது. நம் வீடுகளில் சிமெண்ட் சுவரும் மொசைக் தரையும் குரலை எதிரொலிக்கும், மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும், பக்கத்திலேயே டிவி. ஸ்பீக்கரைப் படுக்கைக்கு ஓரிரண்டு மீட்டருக்குள், படுத்திருப்பவரின் வாய் மட்டத்துக்குச் சற்று மேலே, டிவியிலிருந்து தள்ளி வையுங்கள். ஜன்னலோரம் வேண்டாம், வெளியே நிற்பவர் குரலையும் அது கேட்கும். இதையெல்லாம்விட முக்கியம், அதன் வயர் நடக்கும் வழியில் குறுக்கே போகக்கூடாது. விழாமல் இருக்க வாங்கிய பொருளின் வயரில் தடுக்கி விழுந்த ஒருவருக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன்.

விளக்கைப் பற்றி ஒன்று. ஸ்மார்ட் பல்பு மாட்டிய வீட்டில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்பு செத்துவிடும். எத்தனை முறை கூப்பிட்டாலும் எரியாது. படுக்கப்போகும் முன் சுவிட்சைத் தட்டி அணைப்பது நம் கையோடு பிறந்த பழக்கம். சுவிட்சின் மேல் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். சுவிட்ச் போர்டுக்குள்ளேயே பொருத்தும் சிறு கருவியும் உண்டு, அது இருந்தால் சுவிட்சும் வேலை செய்யும், குரலும் வேலை செய்யும். பழைய வீடுகளில் போர்டுக்கு நியூட்ரல் வயர் வந்திருக்காது, எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைக் குரலோடு இணைக்காதீர்கள். மின்சாரம் போனால் ஸ்பீக்கரும் ஊமை, ரூட்டரும் ஊமை. இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இந்தக் கருவி ஆபத்துக்கால மணி அல்ல. 108-ஐயோ 112-ஐயோ அழைக்கும் என்று நம்பி யாரையும் தனியாக விட்டுப் போகாதீர்கள். குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு பாட்டி, மூடிய கதவுக்குள் கிடந்தபடி கூடத்தில் இருந்த ஸ்பீக்கரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பால்காரர் வரும்வரை அப்படியே கிடந்தார். பிள்ளைகள் 'எதுவானாலும் அதைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லிவைத்திருந்தார்கள். அந்த நம்பிக்கை இல்லாதிருந்தால் பக்கத்து வீட்டுச் சாவி ஏற்பாட்டையாவது செய்திருப்பார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பியில்லாத அழைப்பு மணியின் பொத்தானைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிவிடுவதைத்தான் இன்றும் நான் முதலில் எழுதிக்கொடுக்கிறேன். ஸ்பீக்கர் அதற்குப் பிறகுதான்.

மாத்திரை நேரத்தை அது சொல்லும். மாத்திரை உள்ளே போயிற்றா என்று அதற்குத் தெரியாது. நினைவிழப்பு நோய் முற்றியவர்கள் இருக்கும் வீட்டில் ஆளில்லாத குரல் அச்சத்தைக் கிளப்பும். ஒரு பாட்டி, தன் இறந்துபோன அக்கா சுவருக்குள்ளிருந்து கூப்பிடுவதாக இரவெல்லாம் அழுதார். அன்றே எடுத்துவிடச் சொன்னேன்.

இனி அதன் காது. 'அலெக்சா' போன்ற தன் பெயரைக் கேட்கும்வரை கருவி தனக்குள்ளேயே ஒலியைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. பெயர் காதில் விழுந்த பிறகுதான் தொடரும் பேச்சு இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகிறது. சிக்கல் என்னவென்றால், அது பெயரைத் தவறாகக் கேட்கும். ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினரும் 2020-இல் இப்படி ஏமாற்றும் சொற்களை 1,000-க்கும் மேல் திரட்டினார்கள். 'அலெக்சா' என்று நினைத்து விழித்துக்கொள்ள வைத்த சொற்களில் ஒன்று 'எலெக்‌ஷன்'. தேர்தல் காலத்தில் நம் செய்திச் சேனல்கள் ஓடும் கூடத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 2018-இல் ஒரு தம்பதியின் வீட்டுப் பேச்சு அவர்கள் அறியாமலே பதிவாகி, சியாட்டிலில் இருந்த கணவரின் ஊழியருக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னணிப் பேச்சைக் கருவி வரிசையாகக் கட்டளைகளாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று அமேசானே விளக்கம் தந்தது.

பதிவுகளில் ஒரு பகுதியை மனிதர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது 2019-இல் செய்தியானது. பெல்ஜியத்தின் விஆர்டி ஊடகத்துக்குக் கிடைத்த 1,000-க்கும் மேற்பட்ட கூகுள் பதிவுகளில் 153, யாரும் கருவியை அழைக்காமலே பதிவானவை. அதன் பிறகு, மனிதர் கேட்பதை மறுக்கும் வசதியைப் பயனர்களுக்குக் கொடுத்தார்கள். குழந்தைகளின் குரல் பதிவுகளை வைத்துக்கொண்டது தொடர்பாக 2023-இல் அமேசான் அமெரிக்காவில் 2.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. செயலியில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், குரல் பதிவுகள் தாமாக அழியும்படி வைக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை வாங்கிய அன்றே செலவழியுங்கள். குரலால் பொருள் வாங்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வங்கி ஓடிபியை அந்த அறையில் சத்தமாகப் படிக்காதீர்கள்.

ஆனால் என் அனுபவத்தில் முதியவர்களை வருத்துவது தொலைதூர நிறுவனத்தின் காது அல்ல. சொந்தப் பிள்ளையின் காதுதான். யார் கணக்கில் அமைக்கிறோமோ அவர் கைபேசியில் அப்பா சொன்ன ஒவ்வொரு கட்டளையும் வரிசையாக நிற்கும். நள்ளிரவு இரண்டு மணிக்கு லைட் போட்டது, நான்கு முறை மணி கேட்டது, எல்லாம். 'ஏம்மா தூங்கவில்லையா?' என்று காலையில் மகள் கேட்டால் அம்மாவுக்கு அன்பும் தெரியும், கண்காணிப்பும் தெரியும். ஆகவே கணக்கு முதியவரின் பெயரிலேயே, அவருடைய கைபேசியிலேயே இருக்கட்டும். எடுக்காமல் இணையும் அழைப்பை அணைத்துவையுங்கள். உண்மையிலேயே தேவை என்றால், அதாவது எழுந்து நடமாட முடியாத நிலை என்றால், அவரிடம் கேட்டு, யார் யார் வரலாம், எந்த நேரம் வரலாம் என்று அவர் சொல்லி, பிறகு வையுங்கள். மைக்கை அணைக்கும் பொத்தானை விரலால் தடவிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுங்கள். எக்கோவில் சிவப்பு விளக்கு எரிந்தால் காது மூடியிருக்கிறது என்று பொருள்.

வீட்டோடு தங்கி முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் மறந்துவிடாதீர்கள். அவர் உண்பதும் உறங்குவதும் தன் பிள்ளைகளோடு போனில் பேசுவதும் அதே அறையில்தான். இது என்ன, எப்போது கேட்கும், எப்படி அணைப்பது என்பதை முதல் நாளே அவருக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் வைத்த வீடுகளில் அதைக் கண்டுபிடித்த அன்றே வேலையை விட்டுப் போனவர்கள் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அந்த மதுரைப் பெரியவரின் மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினேன். முதலில் வருத்தப்பட்டார், பிறகு தானே முன்வந்து எல்லாவற்றையும் மாற்றினார். கணக்கு அப்பாவின் பெயருக்கு வந்தது. ஸ்பீக்கர் ஷோகேஸிலிருந்து கட்டிலருகே வந்தது. கட்டளைகள் நான்கு: லைட் ஆன், லைட் ஆஃப், டைம், மகனைக் கூப்பிடுவது. முதல் வாரம் பத்துக்கு ஐந்து முறைதான் புரிந்தது. அதையே பேச்சுப் பயிற்சியாக வைத்துக்கொண்டோம்; இரண்டு மாதத்தில் எட்டுக்கு வந்துவிட்டார். இப்போது மகனை அவரே அழைக்கிறார். காலைப் பலகாரம் முடித்து, பத்து மணி வாக்கில். டல்லாஸில் அப்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும் என்பது அவருக்குப் பல நாள் மறந்துபோகிறது. மகன் ஒரு நாளும் எடுக்காமல் விட்டதில்லை.