அணு, பிணைப்பு, இணைதிறன்: மூன்று பாடப்புத்தகச் சொற்களின் கதை

அணு என்ற சொல், அறிவியல் பாடத்துக்காக யாரோ ஒரு குழு உட்கார்ந்து ஆக்கிய சொல் என்றுதான் பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் வேறு எப்படித் தோன்றும்? ஆனால் அந்தப் பக்கத்திலேயே வயதில் மூத்த சொல் அதுதான்.

மேலூர்ப் பக்கம் இருக்கிற திருவாதவூரில் பிறந்தவர் மாணிக்கவாசகர். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் அவர் "இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய" என்கிறார். கூரை இடுக்கு வழியாக வீட்டுக்குள் வெயில் இறங்கும்போது, அந்தக் கதிருக்குள் தூசு மினுமினுத்து மிதக்குமே, அதைத்தான் அவர் அணு என்று சொல்கிறார். அண்டங்கள் அத்தனையும் இறைவன் முன்னால் அந்தத் தூசு மாதிரி சிறுத்துப்போகின்றனவாம். ஆக, அங்கே அணு என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருள்தான். 'மிக நுண்ணியது' என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் கொள்கை எதுவும் இல்லை. வடமொழியிலும் இதே சொல் இதே பொருளில் உண்டு. வேர் யாருடையது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை.

ஆங்கிலத்தில் 'ஆட்டம்' என்பதன் மூலம் கிரேக்கம். அங்கே அதற்குப் பொருள் 'வெட்ட முடியாதது'. சிறியது என்பது வேறு, வெட்ட முடியாதது என்பது வேறு. கிரேக்கப் பெயருக்குள்ளேயே ஒரு வாக்குறுதி இருக்கிறது, தமிழ்ப் பெயருக்குள் அது இல்லை. கம்பராமாயணத்தில் பிரகலாதன் தன் தந்தையிடம் இறைவன் எங்கெல்லாம் இருக்கிறான் என்று சொல்லும்போது, 'அணுவினைச் சத கூறு இட்ட கோணினும் உளன்' என்கிறான். அணுவை நூறாகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு துண்டுக்குக் கோண் என்று பெயர் வேறு இருக்கிறது. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்து, அணுவுக்குள் அதைவிடச் சிறிய பொருள் உண்டு என்று காட்டியபோது பொய்த்துப்போனது கிரேக்கப் பெயர்தான். நம் சொல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதை வைத்துக்கொண்டு 'அணுவைப் பிளக்கலாம் என்று நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று கிளம்பிவிடக் கூடாது. கம்பன் சொன்னது இறைவனின் நுண்மையைப் பற்றி. அதுமட்டுமல்ல, அணுவைப் பிளக்கவே முடியாது என்று அடித்துச் சொன்னவர்களும் தமிழிலேயே பதிவாகியிருக்கிறார்கள். மணிமேகலையின் 27-ஆவது காதையில், பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை எடுத்துவைக்கும் இடத்தில், ஆசீவகர் தரப்பு வருகிறது. நிலம், நீர், தீ, காற்று என நால்வகை அணுக்கள், அவற்றோடு உயிர் என்பது அவர்கள் கணக்கு. 'முது நீர் அணு நில அணுவாய்த் திரியா, ஒன்று இரண்டாகிப் பிளப்பதும் செய்யா, அன்றியும் அவல் போல் பரப்பதும் செய்யா.' நீரின் அணு நிலத்தின் அணுவாக மாறாது, இரண்டாகப் பிளக்காது, இடித்த அவல் போலத் தட்டையாகவும் ஆகாது. காப்பியத்தை இயற்றிய சாத்தனாருக்கு மதுரைக் கூலவாணிகன் என்று பெயர். கூலம் என்றால் தானியம். தானிய வியாபாரிக்கு அவல் நினைவுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

1808-இல் அச்சான தன் நூலில் ஜான் டால்டன் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே: ஒரு தனிமத்தின் அணு இன்னொன்றாக மாறாது, உடையாது, புதிதாகப் பிறக்காது. அப்படியானால் வேறுபாடு எங்கே? டால்டன் தராசை எடுத்தார். எந்தப் பொருளோடு எந்தப் பொருள் என்ன எடை விகிதத்தில் சேர்கிறது என்ற அளவுகளிலிருந்து அணுக்களின் ஒப்பு எடைகளைக் கணக்கிட்டு அட்டவணை போட்டார். அந்த எண்களில் பல பின்னால் திருத்தப்பட்டன. திருத்த முடிந்தது என்பதுதான் அதன் பெருமை. ஆசீவகர் கொள்கையை ஏற்கலாம், மறுக்கலாம். அளந்து திருத்த வழியில்லை.

அணுவின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கதையில் முக்கியமான ஆண்டு 1911. நேர்மின்சுமை முழுவதும், எடையில் ஏறக்குறைய முழுவதும், நடுவில் ஒரு சிறு இடத்தில் குவிந்திருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு சொன்ன ஆண்டு அது. அந்த நடுப்பகுதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல். தமிழில் அணுக்கரு, அல்லது உட்கரு. எவ்வளவு சிறியது அது? வெளி வீதிகளுக்கு உட்பட்ட பழைய மதுரை அளவுக்கு, அதாவது சுமார் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு, ஓர் அணுவை ஊதிப் பெரிதாக்கினால், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒரு சுண்டைக்காய் அளவில் அணுக்கரு கிடக்கும். மாசி வீதி, ஆவணி மூல வீதி எல்லாம் எலக்ட்ரான்களின் நடமாட்டம்தான். புரோட்டானும் நியூட்ரானும் அந்தச் சுண்டைக்காய்க்குள் அடக்கம். நேர்மின்னி, எதிர்மின்னி, நொதுமி என்று தமிழ்ப் பெயர்கள் இவற்றுக்கு உண்டு. அழகான பெயர்கள்தான், ஆனால் பள்ளியில் புழங்குவது என்னவோ எலக்ட்ரான் வரிசைதான்.

சரி, பிணைப்புக்கு வருவோம். இது வேதியியலுக்கு வெளியே நன்றாக வாழ்கிற சொல். பிணைத்தல் என்றால் சேர்த்துக் கட்டுதல். சங்கப் பாடல்களில் பிணையல் என்றால் பூத்தொடையல். களத்தில் கதிரை மிதிக்கச் சேர்த்துக் கட்டி ஓட்டும் மாடுகளுக்கும் பிணையல் என்றே பெயர். ஆனை கட்டிப் போரடித்ததாகப் பாட்டில் வரும் தென்மதுரைக்கு இது புதிதல்ல. அப்புறம், மதுரைக் கிளை உயர் நீதிமன்றச் செய்திகளில் வருகிற பிணை இருக்கிறது. ஜாமீனுக்குத் தமிழ் அதுதான். குறளில் வரும் 'பிணையேர் மடநோக்கு' பெண்மானைக் குறிப்பது, அதை இதோடு சேர்க்க வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்தின் 'பாண்ட்' என்ற சொல்லும் கட்டு, ஈட்டுப் பத்திரம் இரண்டையும் குறிக்கிறது. எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் அதை 1866-இல் வேதியியலுக்குள் கொண்டுவந்தார். எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அணுக்கள் ஏதோ ஒன்றால் கட்டுண்டு கிடக்கின்றன என்ற அளவில் வைத்த பெயர் அது.

அந்த 'ஏதோ ஒன்று' எலக்ட்ரான்தான் என்பது 1916-இல் இரண்டு பேர் தனித்தனியே எழுதியதிலிருந்து துலங்கியது. எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும் என்று விளக்கினார் ஜெர்மனியின் கோசல். இரண்டு அணுக்களும் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் என்றார் அமெரிக்காவின் லூயிஸ். கோசல் சொன்னதற்கு அயனிப் பிணைப்பு என்று பெயர், லூயிஸ் சொன்னதற்குச் சகப்பிணைப்பு.

அடுப்படியில் இருக்கும் உப்பும் சீனியும் இந்த இரண்டுக்கும் உதாரணம். சோடியம் அணுவில் எலக்ட்ரான்கள் உள்ளிருந்து வெளியே கூடு கூடாக 2, 8, 1 என்று அடுக்கியிருக்கும். குளோரினில் 2, 8, 7. சோடியம் கடைசி ஒன்றைக் கொடுத்துவிட்டால் இரண்டுக்குமே வெளிக்கூட்டில் எட்டு, அதுதான் நிலைத்து நிற்கும் அடுக்கு. கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி, அதற்குக் குளோரைடு என்று பெயர். எதிரெதிர் மின்சுமைகள் இழுத்துக்கொள்கின்றன. இங்கே பிணை என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். ஒரு சோடியத்தோடு ஒரு குளோரின் ஜோடி மாடு மாதிரி கட்டப்பட்டிருப்பதாகப் பிள்ளைகள் படம் வரைகிறார்கள். உப்புக் கல்லுக்குள் அப்படி ஜோடி எதுவும் கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம், கல் முழுக்க இதே அடுக்குதான். இந்த இழுப்பை உடைத்து உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், அடுப்பில் வாணலியை வைத்து அது ஆகாது. சீனியோ சீக்கிரமே இளகிப் பழுப்பாகிவிடும். சீனியில் அணுக்கள் சகப்பிணைப்பால் இறுகி மூலக்கூறாக இருந்தாலும், மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலான பிடிப்பு அவ்வளவு வலுவானது அல்ல.

அயனி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1834-இல் ஃபாரடே வழங்கிய 'அயான்' என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் 'போவது' என்று பொருள். மின்சாரம் பாயும்போது மின்முனையை நோக்கிப் போவதால் அந்தப் பெயர். தமிழில் ஒலியை ஒட்டி அயனி ஆனது. உத்தராயணம், தட்சிணாயனம் என்கிறோமே, அந்த அயனத்துக்கும் போதல், செல்லுதல் என்றே பொருள். இப்படி ஒலியும் பொருளும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

இணைதிறன் என்பதை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல், வலிமை என்ற பொருளுடைய லத்தீனிலிருந்து வந்தது. இலங்கைப் பாடநூல்கள் அதைப் பின்பற்றி வலுவளவு என்கின்றன. தமிழ்நாட்டுச் சொல் வலிமையை விட்டுவிட்டு, எத்தனை அணுவோடு சேர முடியும் என்ற திறனைப் பிடித்துக்கொண்டது. என் ஓட்டு இதற்குத்தான். குளோரினின் இணைதிறன் ஒன்று, கார்பனுடையது நான்கு. இதில் கார்பன் குளோரினைவிட நான்கு மடங்கு பலசாலி என்ற பொருளே இல்லை. வலு என்று படித்தால் அந்த மயக்கம் வரும்.

சகப்பிணைப்பு விஷயத்தில் மட்டும் இலங்கை முந்துகிறது. சக என்றால் 'கூட' என்பதோடு நின்றுவிடுகிறது, எதைக் கூடி வைத்திருக்கின்றன என்று தெரிவதில்லை. அவர்களுடைய பங்கீட்டு வலுப் பிணைப்பு, எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். தேர்வுத் தாளில் நம் பாடநூல் சொல்லான சகப்பிணைப்பையே எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒருமுறையாவது பங்கீடு என்று சொல்லிவிட்டு அப்புறம் பாடத்துக்குள் போகலாம்.