சம்பளத்தைச் சொல்லாமலே நிரூபிப்பது எப்படி?

வாடகைக்கு வீடு கேட்டால் உரிமையாளருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மாதாமாதம் வாடகை கட்டும் அளவுக்கு இவருக்கு வருமானம் இருக்கிறதா? அதற்காக நாம் நீட்டுவதோ பல மாத பேங்க் ஸ்டேட்மென்ட். எந்த மருத்துவமனைக்குப் பணம் கட்டினோம், யாருக்கு அனுப்புகிறோம், எங்கே கடன் இருக்கிறது, எல்லாமே அதில் தெரிந்துவிடும். இவ்வளவையும் கொட்டத் தேவையே இல்லை. அதற்கான கணிதம் பல ஆண்டுகளாகத் தயாராக இருக்கிறது.

முதலில், வங்கியோ வேலை தரும் நிறுவனமோ உங்கள் வருமானத்தை ஒரு சான்றிதழில் எழுதி, தன்னிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியால் (ஒரு பெரிய எண்) டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு உங்கள் போனுக்கு அனுப்பிவிடும். கையெழுத்து அசல்தானா என்பதை அந்த வங்கி எல்லோருக்கும் வெளியிட்டிருக்கும் பொதுச் சாவியை வைத்து யாரும் சரிபார்க்கலாம். வங்கியைக் கேட்க வேண்டியதில்லை. அதனால் நீங்கள் எங்கே வீடு தேடுகிறீர்கள் என்பது வங்கிக்கும் தெரியாது.

சரி, சான்றிதழைக் காட்டினால் தொகையும் தெரிந்துவிடுமே? இங்கேதான் 'பூஜ்ய அறிவு நிரூபணம்' வருகிறது. ஒரு கூற்று உண்மை என்பதைத் தவிர வேறெதையும் வெளிவிடாமல் அதை நிரூபிக்க முடியும் என்று 1985இல் ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்ல்ஸ் ராக்காஃப் மூவரும் காட்டினார்கள்.

உங்கள் வருமானம் 73,000, கேட்கும் வரம்பு 50,000 என்று வைத்துக்கொள்வோம். போன் அந்த 73,000ஐ ஒரு கணிதப் பூட்டுக்குள் வைக்கிறது. உள்ளே இருப்பது வெளியே தெரியாது, பிறகு மாற்றவும் முடியாது. ஆனால் பூட்டைத் திறக்காமலே அதிலிருந்து 50,000ஐக் கழிக்கலாம்! மிச்சம் 23,000, அதுவும் பூட்டியபடியே இருக்கும். இனி அந்த மிச்சம் மைனஸ் இல்லை என்று காட்டினால் போதும். 23,000ஐ இரும எண்ணில் எழுதினால் 101100111011000. முன்னால் பூஜ்யங்கள் சேர்த்து இதை இருபது இலக்கமாக்கி, ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாகப் பூட்டப்படும். எது 0, எது 1 என்று சொல்லாமல், ஒவ்வொன்றும் இந்த இரண்டில் ஒன்றுதான், எல்லாம் சேர்ந்தால் அந்த மிச்சம் வரும் என்று மட்டும் போன் நிரூபிக்கும். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால், மிச்சம் மைனஸ் ஆகும்; இந்தக் கணக்குமுறையில் எண்கள் கடிகாரம் போலச் சுற்றுவதால் அது ராட்சத எண்ணாகிவிடும். அந்த இருபது இலக்கத்துக்குள் அதை அடக்கவே முடியாது, நிரூபணம் உடைந்துவிடும். பூட்டுக்குள் இருப்பது வங்கி கையெழுத்திட்ட அதே எண்தான் என்பதையும் கூடவே நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் யாரும் இஷ்டத்துக்கு ஒரு தொகையைப் பூட்டிக் காட்டலாம்.

இன்னொரு சிக்கல் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒரே கையெழுத்தைப் பத்து இடத்தில் காட்டினால் அதுவே உங்கள் அடையாள எண் மாதிரி ஆகிவிடும். பத்துப் பேரும் சேர்ந்து உங்களைப் பின்தொடரலாம். பிபிஎஸ் (BBS) போன்ற டிஜிட்டல் கையெழுத்து முறைகளில் கையெழுத்தையே காட்டுவதில்லை. கையெழுத்து கையில் இருக்கிறது என்பதற்கான நிரூபணம்தான் போகும், அது ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கும்.

எனக்குப் பெரிய கவலை கேள்வி கேட்பவர் பக்கம்தான். 50,000க்கு மேலா, 75,000க்கு மேலா, 62,500க்கு மேலா என்று பாதி பாதியாக நறுக்கிக் கேட்டுக்கொண்டே போனால், பத்து லட்சத்துக்குள் இருக்கும் எந்தத் தொகையையும் இருபதே கேள்விகளில் பிடித்துவிடலாம். ஒவ்வொரு பதிலும் ஆம், இல்லைதான்; ஆனாலும் ரகசியம் போய்விடும். அதனால் ஒருவர் எத்தனை முறை, எந்த வரம்பைக் கேட்டார் என்பதைப் சான்றிதழை வைத்திருக்கும் போன் செயலியான வாலட்டே கணக்கு வைத்து, இரண்டாவது கேள்வியிலேயே உங்களை எச்சரிக்க வேண்டும்.