கல்லடிக்கு ஃபிலிம், அழுக்குக்குக் கோட்டிங்

வேறோர் இடத்தில் செராமிக் கோட்டிங், அதாவது பெயின்டின்மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு, போட்டு மூன்று மாதம்கூட ஆகாத காரை ஒருவர் எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். பானட்டின் முன் விளிம்பில் கடுகளவில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். இரண்டில் பெயின்ட் அடியோடு பெயர்ந்து தகடு தெரிந்தது. லாரிக்குப் பின்னால் ஓட்டும்போது தெறித்த பொடிக்கல்லின் வேலை. "9ஹெச் கோட்டிங் சார், கீறலே விழாதுன்னாங்க" என்றார்.

அந்த 9ஹெச் என்ன என்று கேட்டால் பலரும் வைரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். கடினத்தில் வைரத்துக்கு 10, இதற்கு 9 என்று கணக்கு. உண்மையில் அது பென்சில் கணக்கு. பல தர பென்சில்களைப் பூச்சின்மேல் அழுத்தித் தள்ளிப் பார்ப்பார்கள். 9ஹெச் பென்சிலும் கீறவில்லை என்றால் அந்தத் தரம். கல் பென்சில் மாதிரி நிதானமாக வந்து உரசாது.

தடிமனைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட் 40, 50 மைக்ரான். செராமிக் கோட்டிங் அதன்மேல் ஒன்றிரண்டு மைக்ரான்தான். பிபிஎஃப் என்கிற பாலியூரித்தேன் ஃபிலிமோ 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். ரப்பர் போல அமுங்கி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும்.

அதற்காகக் கோட்டிங் ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், சேறு எளிதில் ஒட்டாது, கழுவுவது சீக்கிரம் முடியும். பறவை எச்சம் உடனே பெயின்டை அரிக்காமல் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். ஆனால் உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் அப்படியே காயவிட்டால், அந்த முத்துகளே வெள்ளை வளையங்களாக நின்றுவிடும்.

கோட்டிங் போடும் முன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல வட்டக் கீறல்கள் தெரியும். பெரும்பாலும் அழுக்குத் துணியால் துடைத்ததில் வந்தவை. பாலிஷ் செய்து அவற்றை எடுக்காமல் பூசினால், கீறலுக்கும் சேர்த்துப் பளபளப்பு வந்துவிடும். பாலிஷ் என்பதோ கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பது. தேய்த்தது திரும்பி வளராது. அதனால் வருடா வருடம் "பாலிஷ் போட்டுக் கோட்டிங்" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

ஃபிலிமில் சிக்கல் பெரும்பாலும் ஒட்டுகிற கையில்தான் இருக்கிறது. காரின்மேலேயே பிளேடு வைத்து வெட்டினால், கை கொஞ்சம் அழுத்தினாலும் பெயின்டில் கோடு விழும். கம்ப்யூட்டரில் அளவெடுத்து வெட்டிக் கொண்டுவருகிறார்களா, விளிம்பை உள்ளே மடிக்கிறார்களா என்று கேளுங்கள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது பிவிசி ஃபிலிமா என்றும் கேளுங்கள். அது சீக்கிரம் மஞ்சளாகிவிடும். பாலியூரித்தேன் ஃபிலிமில் கீறல் தானே மறையும் என்று சொல்வது மெல்லிய கோடுகளுக்குத்தான். வெந்நீர் ஊற்றினால் மறைவது கண்ணெதிரே தெரியும். சாவியால் யாராவது இழுத்துவிட்டால் மறையாது.

நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுகிறவருக்கு பம்பர், பானட், பக்கக் கண்ணாடிகளின் மூடிகள், கதவு விளிம்பு இவற்றுக்கு ஃபிலிமும் மற்ற இடங்களுக்குக் கோட்டிங்கும் போதும் என்பேன். ஊருக்குள்ளேயே ஓடும் காருக்குக் கோட்டிங் தாராளம். இரண்டும் வேண்டுமென்றால் ஃபிலிம் முதலில், கோட்டிங் அதன்மேல். மாற்றிச் செய்தால் வழுக்கும் பரப்பில் பசை சரியாகப் பிடிக்காது.

முதலில் சொன்னவரின் காருக்கும் அதுதான் பிரச்சினை. பானட்டில் கோட்டிங்கைத் தேய்த்து எடுத்து, புள்ளிகளுக்கு டச்சப் செய்த பிறகுதான் ஃபிலிம். பம்பரோ இரண்டு வாரம் முன்புதான் ரீபெயின்ட் ஆகியிருந்தது. உள்ளே இருக்கும் தின்னர் முழுதாக ஆவியாகாமல் மூடினால் பெயின்ட் குமிழ் விடும். பின்னால் ஃபிலிமை உரிக்கும்போது பெயின்டும் கூடவே வந்துவிடலாம். இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னேன். அவருக்கு அரை மனதுதான். போகும்போது, "அதுவரைக்கும் லாரி பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க" என்றேன்.